உஷார்! தலைக்கு மேல் இருபது கிலோ

"100 கிலோ தாங்கும்" என்று அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. ஜோடி இரண்டாயிரத்துச் சொச்சம். தூக்கிப்போக ஒரு பையும் இலவசம். புதிதாக டிஜே செட் போடும் தம்பிகள் பாக்ஸுக்கும் மிக்சருக்கும் லைட்டுக்கும் கடன் வாங்கிச் செலவழித்துவிட்டு, கையில் மிச்சமிருக்கும் காசில் கடைசியாக வாங்குவது இந்த ஸ்பீக்கர் ஸ்டாண்டைத்தான். "ஸ்டாண்டுதானே அண்ணே, நின்னாப் போதாதா?" என்பது அவர்கள் கேள்வி.

போதாது. அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கல்யாண ரிசப்ஷனில் பந்திக்குப் போகிற வழியில். பிறந்தநாள் விழாவில் பலூனைத் துரத்தும் பிள்ளைகளுக்கு நடுவில். திருவிழாவில் குத்தாட்டம் போடும் கூட்டத்துக்கு ஓரத்தில். உச்சியில் இருக்கும் பெட்டியோ லேசுப்பட்டதல்ல. ஜேபிஎல் இயான் 615 ஏறக்குறைய 17.7 கிலோ. யமஹா டிபிஆர் 15 எடுத்தால் 19.3 கிலோ. பிளைவுட்டில் அடித்த உள்ளூர் 15 இஞ்ச் பாக்ஸ்கள் பல இவற்றையும் தாண்டும். ஆறடி உயரத்திலிருந்து இது ஒரு குழந்தையின் தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

அட்டைப்பெட்டி சொல்லும் 100 கிலோ பொய்யாக இருக்கலாம், மெய்யாகவும் இருக்கலாம். எப்படியிருந்தாலும் உங்களுக்கு வேண்டிய தகவல் அது அல்ல. சமதளத்தில், யாரும் தொடாமல், நேர் மேலிருந்து இறங்கும் பாரத்தைக் குழாய் எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. பாரம் தாங்காமல் ஸ்டாண்டு நொறுங்குவதைவிட, இடிபட்டுக் கவிழ்வதற்கே வாய்ப்பு அதிகம். எவ்வளவு தள்ளினால் கவிழும்? அதை எந்த அட்டைப்பெட்டியும் சொல்வதில்லை. நீங்கள்தான் கணக்குப் போட வேண்டும்.

மூன்று கிலோ தள்ளு போதும்

டேப்பை எடுங்கள். ஸ்டாண்டின் மூன்று கால்களையும் முழுசாக விரித்து, ஒரு கால் நுனியிலிருந்து அடுத்த கால் நுனி வரை அளந்து பாருங்கள். ஒரு மீட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பார்க்க நல்ல அகலமாகத்தான் தெரியும். ஆனால் மூன்று கால் ஸ்டாண்டு சுலபமாகக் கவிழ்வது கால் இருக்கும் திசையில் அல்ல. இரண்டு கால்களுக்கு நடுவே உள்ள வெற்றுப் பக்கத்தில். அந்த இரண்டு நுனிகளையும் சேர்த்து ஒரு கோடு போட்டால், நடுக்கம்பத்திலிருந்து அந்தக் கோட்டுக்கு உள்ள தூரம்தான் உங்களுக்குப் பிடிமானம். ஒரு மீட்டரை 3.46ஆல் வகுத்தால் அந்தத் தூரம் கிடைக்கும்: வெறும் 29 சென்டிமீட்டர்.

இனி மிச்சக் கணக்கு. பெட்டி 18 கிலோ, ஸ்டாண்டு 3 கிலோ, ஆக மொத்தம் 21. பெட்டியின் நடுப்பகுதி தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 21ஐ 29ஆல் பெருக்கி 200ஆல் வகுங்கள். மூன்று கிலோ! அந்த உயரத்தில் பக்கவாட்டில் மூன்று கிலோ அளவுக்கு ஒரு தள்ளு விடாமல் விழுந்தால், '100 கிலோ தாங்கும்' ஸ்டாண்டு ஒரு கீறலும் இல்லாமல் அப்படியே சாயும்.

மூன்று கிலோ என்பது ஒன்றுமே இல்லை. ஆடிக் களைத்தவர் ஒருவர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாலே அதைவிட அதிகம். பெட்டியிலிருந்து தொங்கும் கேபிளில் யாராவது கால் மாட்டி நடந்தாலும் அதைவிட அதிகம்.

இடம் போதவில்லை என்று காலைப் பாதி மடக்கி வைக்கிறார்களே, அந்தக் கணக்கையும் பாருங்கள். நுனிக்கு நுனி 70 சென்டிமீட்டராகக் குறுகினால் பிடிமானம் 20 சென்டிமீட்டர். தள்ளு இரண்டு கிலோவைத் தாண்டினாலே கதை முடிந்தது. மாறாக, காலை முழுசாக விரித்து, பத்து கிலோ மணல் மூட்டை ஒன்றைக் கம்பத்தின் அடியில் தொங்கவிட்டால் நாலரை கிலோ வரை தாங்கும். பெட்டியை 40 சென்டிமீட்டர் இறக்கினாலும் பலன் உண்டு. ஸ்டாண்டு வாங்கும் முன் மனதில் எழுதிக்கொள்ள வேண்டியது இதுதான்: கால் அகலம், அடியில் கனம், மேலே அளவான உயரம்.

அம்மியே பறக்கும் காற்றில்

திறந்தவெளி நிகழ்ச்சி என்றால் இன்னொரு எதிரி உண்டு. 15 இஞ்ச் பெட்டியின் முகப்பு சுமார் 70 சென்டிமீட்டர் உயரம், 44 சென்டிமீட்டர் அகலம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காற்று அந்த முகப்பில் மோதினால், மேலே சொன்ன அதே மூன்று கிலோ அளவுக்குத் தள்ளும். வானிலை மையத்தின் அறிவிப்பில் "இடியுடன் கூடிய மழை, மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் வேகத்தில் பலத்த காற்று" என்று கோடைக்காலத்தில் அடிக்கடி கேட்கிறோமே, அந்தக் காற்றுக்கு உங்கள் ஸ்டாண்டு நிற்காது.

போதாக்குறைக்கு, ஸ்டாண்டுக்கு வெள்ளைத் துணி சுற்றி உள்ளே கலர் லைட் போடுவது இப்போது ஃபேஷன். மண்டபத்துக்குள் பரவாயில்லை. மொட்டை மாடியிலும் கடற்கரை ரிசார்ட்டிலும் அந்தத் துணி பாய்மர வேலையைத்தான் செய்யும். ஸ்டாண்டில் ஃபிளெக்ஸ் பேனர் கட்டுவது அதைவிட ஆபத்து. வெளியில் நிறுத்தியே தீர வேண்டுமானால் மூட்டையும் வேண்டும், கம்பத்தின் மேல்பகுதியிலிருந்து மூன்று திசையிலும் இழுத்துக் கட்டிய கயிறும் வேண்டும். வானம் கறுத்தால் பாட்டு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். முதலில் பெட்டியை இறக்குங்கள்.

கடையில் என்ன பார்ப்பது?

சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் சரி, டெல்லி லஜ்பத்ராய் மார்க்கெட்டிலிருந்து பார்சலில் வரவழைத்தாலும் சரி, ஆன்லைனில் ஆர்டர் போட்டாலும் சரி, ஸ்டாண்டைப் பிரித்து நிறுத்திப் பார்க்காமல் பணத்தை முடிக்காதீர்கள். ஆன்லைன் சரக்கு என்றால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இந்தச் சோதனைகளை முடித்துவிடுங்கள்.

பைப். கையில் ஒரு சின்னக் காந்தம் இருக்கட்டும். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் அலுமினியம். இரண்டிலும் நல்லது உண்டு, மட்டமும் உண்டு. ஆனால் 'ஹெவி ஸ்டீல்' என்று விலை சொல்லிவிட்டு அலுமினியத்தைக் கொடுக்கும் இடம் அங்கேயே பிடிபட்டுவிடும். பிறகு உள்பைப்பை வெளியே உருவி, அதன் விளிம்பைப் பாருங்கள். சுவர் எவ்வளவு தடிமன்? தகர டப்பாவின் விளிம்புபோல் விரலை அறுத்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அலுமினியத்துக்கு ஒரு குணம் உண்டு: சின்ன அதிர்வானாலும் திரும்பத் திரும்பப் பட்டுக்கொண்டே இருந்தால் நாளாவட்டத்தில் அலுத்து விரிசல் விடும். விரிசல் தொடங்கும் இடம் பெரும்பாலும் பின் ஓட்டைதான். மெல்லிய சுவரில் அது சீக்கிரமே வந்துவிடும்.

காலர். உள்பைப் ஏறி இறங்கும் இடத்தில் கழுத்துப் பட்டை மாதிரி ஒரு பாகம் இருக்கும். மலிவு ஸ்டாண்டில் அது பிளாஸ்டிக். எல்லா பிளாஸ்டிக்கும் கெட்டதல்ல. நல்ல கம்பெனிகளும் நைலான் காலர் போடுகின்றன. பளபளவென்று லேசாக இருப்பதைத்தான் சந்தேகப்பட வேண்டும். வருஷம் முழுக்க வண்டியின் கூரையில் வெயில் தின்றால் அது மொறுமொறுப்பாகி ஒரு நாள் படக்கென்று வெடிக்கும். ஸ்டாண்டை முழு உயரத்துக்கு ஏற்றி, திருகை இறுக்கி, உச்சியைப் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். காலர் பைப்போடு சேர்ந்து சுழன்றால் பிடிமானம் இல்லை என்று பொருள்.

திருகு. சில ஸ்டாண்டுகளில் திருகின் முனை நேராகப் பைப்பைக் குத்தும். பத்து நிகழ்ச்சிக்குள் அங்கே பள்ளம் விழும். பிறகு ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. காலரே சுற்றிலும் இறுக்கிப் பிடிக்கும் அமைப்புள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

பின். இதுதான் உயிர். பாரத்தைத் தாங்க வேண்டியது திருகு அல்ல, இரண்டு பைப்புகளையும் குறுக்கே துளைத்து நிற்கும் இந்த இரும்புப் பின். திருகு ஆட்டத்தை நிறுத்துவதற்கு மட்டும்தான். பின் வளையாத இரும்பா, ஓட்டையில் லொடலொடக்காமல் நிற்கிறதா, சங்கிலியோ ஒயரோ போட்டு ஸ்டாண்டோடு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கட்டாத பின் ஒரே மாதத்தில் தொலையும். தொலைந்த இடத்தில் ஆணியைச் செருகி ஒப்பேற்றும் செட்டுகள் ஏராளம். மூன்று இஞ்ச் ஆணி பாரத்தில் வளைந்து கொடுக்கலாம். வளைந்த ஆணி வெளியே வராது, பெட்டி மட்டும் கீழே வரும்.

எல்லைக் கோடு. உள்பைப்பில் 'இதற்கு மேல் ஏற்றாதே' என்று ஒரு குறி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்களே அளந்து, கடைசி ஓட்டையில் பின் போட்ட நிலையில் உள்பைப் வெளிப்பைப்புக்குள் ஒரு சாணாவது நிற்கிறதா என்று பாருங்கள். நாலு விரற்கடை மட்டும் உள்ளே இருந்தால் உச்சி ஆடிக்கொண்டே இருக்கும்.

கால் மூட்டுகள். கால்களையும் குறுக்குப் பட்டைகளையும் சேர்க்கும் இடத்தில் ரிவெட்டா, நட்டு போல்ட்டா? ரிவெட் தளர்ந்தால் ஸ்டாண்டே காயலான் கடைக்கு. நைலான் வளையம் உள்ள நட்டு போட்டிருந்தால் தளராது. தேய்ந்தாலும் பத்து ரூபாயில் மாற்றலாம். நாகப்பட்டினம், தூத்துக்குடி பக்கம் தொழில் செய்கிறவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். உப்புக் காற்றில் இரும்பு போல்ட்டும் அலுமினியக் காலும் ஒட்டி நிற்கும் இடம் சீக்கிரம் அரித்துப்போகும். மாதம் ஒருமுறை துடைத்து, எண்ணெய் விட்டு, இறுக்க வேண்டும்.

ரப்பர் புஷ். மூன்று கால் நுனியிலும் இருக்க வேண்டும், கழன்று வரக் கூடாது. கிரானைட்டும் டைல்ஸும் போட்ட மண்டபத்தில் புஷ் இல்லாத கால் வழுக்கிக்கொண்டே போகும்.

உச்சி அளவு. பெரும்பாலான பெட்டிகளின் அடியில் உள்ள குழி 35 மில்லிமீட்டர் பைப்புக்கு ஏற்றது. சந்தையில் 38 மில்லிமீட்டர் பைப்பும் உண்டு. அகலமான குழியில் ஒல்லியான பைப்பைச் செருகினால் பெட்டி ஒரு பக்கம் தலை சாய்ந்து உட்காரும். அந்தச் சாய்வே பாதிக் கவிழ்வு. ஸ்டாண்டு வாங்கப் போகும்போது பெட்டியையும் வண்டியில் போட்டுக்கொண்டு போங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

மலிவாகவும் வேண்டும், உறுதியாகவும் வேண்டும்

கையில் காசு இல்லாதவருக்கு ஜெர்மனியின் கோனிக் அண்ட் மேயர் ஸ்டாண்டை வாங்கு என்று சொல்வது சுலபம். அது நல்ல ஸ்டாண்டுதான். உதிரி பாகம் தனியாகக் கிடைக்கும், பல வருஷம் உழைக்கும். ஆனால் ஒரு நிகழ்ச்சிக்குச் சில ஆயிரம் வாங்கும் சின்ன செட்டுக்கு அந்த விலை கட்டாது. அதற்காக அடிமட்டச் சரக்கில் விழ வேண்டியதும் இல்லை. நடுவில் மூன்று வழி உண்டு.

முதல் வழி, நடுத்தர விலையில் இந்தியாவிலேயே பெயர் போட்டு விற்கும் ஸ்டாண்டு. மேலே சொன்ன சோதனைகளில் தேறினால் தயங்காமல் வாங்கலாம். பெயருக்காக வாங்க வேண்டாம். உடைந்த பின்னையும் காலரையும் திரும்பத் தரக்கூடிய கடையாகப் பார்த்து வாங்குங்கள். பெட்டிக்குச் செலவழித்ததில் பத்தில் ஒரு பங்கையாவது ஸ்டாண்டுக்கு ஒதுக்குங்கள். பெட்டியின் உயிர் அதன் கையில்தான் இருக்கிறது.

இரண்டாவது வழி, ஸ்டாண்டே இல்லாமல் பேஸ் பெட்டியின் மேல் கம்பம் நட்டு அதில் டாப் பெட்டியை வைப்பது. பல பேஸ் பெட்டிகளின் தலையில் இதற்கென்றே 35 மில்லிமீட்டர் குழியோ, எம்20 மரையோ இருக்கும். முப்பது நாற்பது கிலோ பேஸ் பெட்டி அடித்தளமாக நிற்பதால் கூட்டத்தில் இதுதான் கெட்டி. தடுக்கி விழக் கால்களும் இல்லை. ஒரே எச்சரிக்கை: பேஸ் அதிர அதிர பெட்டி வழவழப்பான தரையில் மெல்ல நகரும். அடியில் ரப்பர் ஷீட் போடுங்கள், மேடை விளிம்பில் வைக்காதீர்கள்.

மூன்றாவது வழி, நம்மூர் வெல்டிங் பட்டறை. 60 சென்டிமீட்டர் சதுரத்தில் 6 மில்லிமீட்டர் இரும்புத் தகடு ஏறக்குறைய 17 கிலோ வரும். அதன் நடுவில் பைப்பை வெல்டிங் செய்து, நாலு பக்கமும் முக்கோணத் தாங்கு கொடுத்தால் போதும். இதே கணக்கில் இது ஆறு கிலோவுக்கு நெருக்கமான தள்ளைத் தாங்கும். விரித்த மூன்று கால் ஸ்டாண்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. தூக்கக் கஷ்டம்தான், அந்தக் கஷ்டமே பாதுகாப்பு. ஒன்றைக் கவனியுங்கள்: 'ஒரு இஞ்ச்' ஜி.ஐ. பைப்பின் வெளி விட்டம் சுமார் 33.7 மில்லிமீட்டர். அது பெட்டிக் குழியில் கொஞ்சம் ஆடும். 'ஒன்றேகால் இஞ்ச்' பைப் 42 மில்லிமீட்டர். அது நுழையவே நுழையாது. ஆகவே ஒரு இஞ்ச் பைப்பைப் போட்டு, உச்சியில் 35 மில்லிமீட்டருக்கு லேத்தில் ஒரு உறை கடைந்து ஏற்றச் சொல்லுங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்களுக்கு: பைப் வட்டமாக இல்லாமல் கொஞ்சமாவது நசுங்கி முட்டை வடிவில் இருந்தாலோ, காலரில் மயிரிழை விரிசல் தெரிந்தாலோ விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். அதை விற்கிறவருக்கு அந்த விரிசல் தெரியும்.

நிறுத்தும்போது

நல்ல ஸ்டாண்டையும் தப்பாக நிறுத்தலாம். குறுக்குப் பட்டைகள் தரைக்கு இணையாக வரும்வரை காலை விரியுங்கள். பெரும்பாலான ஸ்டாண்டுகளுக்கு அதுதான் அதிகபட்ச அகலம். நடுக்கம்பத்தின் அடி தரையைத் தொடக் கூடாது, பாரம் மூன்று காலிலும் இறங்க வேண்டும். ஒரு கால் பெட்டியின் முகம் பார்க்கும் திசையில் இருக்கட்டும். அப்போது பலவீனமான வெற்றுப் பக்கங்களில் ஒன்று நேர் பின்னால், சுவர்ப் பக்கமாகப் போய்விடும். மற்ற இரண்டும் பக்கவாட்டில் முன்புறமாகத் திறந்திருக்கும். அங்கே ஆள் வராதபடி கயிறோ நாற்காலியோ போட்டு மறியுங்கள்.

மணல் மூட்டையைத் தரையில் கிடத்திப் பயனில்லை. கம்பத்தின் அடியில் தொங்க வேண்டும், அல்லது கால்களின் மேல் கிடக்க வேண்டும். மணலிலோ மண்தரையிலோ நிறுத்தினால் ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு பலகை. பெஞ்சு போட்டுக் கட்டிய மேடையில் ஸ்டாண்டே வேண்டாம். ஆட்டம் தொடங்கினால் பலகை துள்ளும், ஸ்டாண்டும் சேர்ந்து துள்ளும்.

தனி ஆளாக இருபது கிலோவைத் தலைக்கு மேல் தூக்கிக் குழியைத் தேடாதீர்கள். ஸ்டாண்டைத் தாழ்த்தி வைத்து, பெட்டியை ஏற்றி, பிறகு ஒருவர் உயர்த்த இன்னொருவர் பின் போட வேண்டும். கியூஎஸ்சி கே 12.2 போன்ற பெட்டிகளின் அடியில் 7.5 டிகிரி கீழ்நோக்கிச் சாய்க்க இரண்டாவது குழி இருக்கும். அதில் வைத்தால் பாரம் முன்பக்கம் நகரும். அப்போது முன்கால் மிக அவசியம்.

கேபிளைக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டி அடிவரை இறக்கி, காலருகே ஒரு சுற்றுத் தளர்வாக விட்டு, நடைவழியில் டேப் போட்டு ஒட்டுங்கள். 230 வோல்ட் கேபிளின் மேல் ஸ்டாண்டின் கால் நிற்கக் கூடாது. காப்புறை கிழிந்தால் ஸ்டாண்டு முழுக்க மின்சாரம் பாயும். அதே கம்பத்தில் ஒரு பக்கமாக லைட்டைத் தொங்கவிடும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

இன்னொரு ஆபத்தான நேரம் இரவு பத்து மணி. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி பத்துக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பதால் எல்லாரும் அவசர அவசரமாகக் கழற்றுவார்கள். பெட்டியைக் கையில் பிடிக்காமல் பின்னை உருவினால் பாரம் முழுக்கச் சரேலென்று இறங்கி விரலை நசுக்கும். பின் தொலைவதும் அந்த அவசரத்தில்தான். கழற்றிய பின்னை அப்போதே பழைய ஓட்டையில் செருகிவிடுங்கள்.

செட் பேசும் வீட்டுக்காரர்களுக்கு

வாடகை எவ்வளவு, எத்தனை பாக்ஸ், லைட் உண்டா என்று மட்டும் கேட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். ஸ்டாண்டு எங்கே நிற்கும் என்று கேளுங்கள். பிள்ளைகள் விளையாடும் பக்கமும் பந்திக்குப் போகும் வழியும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். விசேஷத்தன்று ஒரு நிமிஷம் ஒதுக்கி மூன்றைப் பாருங்கள்: கால் முழுசாக விரிந்திருக்கிறதா, பின் போட்டிருக்கிறதா, அடியில் கனம் உண்டா. பின் இருக்க வேண்டிய ஓட்டையில் ஆணி தெரிந்தால் கூச்சப்படாமல் இறக்கச் சொல்லுங்கள். மூட்டை கொண்டுவர மறந்தேன் என்றால் அரிசிக் கடையில் ஒரு சிப்பம் வாங்கிக் கொடுங்கள்.

சட்டம் சும்மா இருக்காது

பாரதிய நியாய சன்ஹிதா 106ஆம் பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது. ஸ்டாண்டு விழுந்து உயிர் போனால் போலீஸ் முதலில் தேடி வருவது அதை நிறுத்தியவரை. 'கடைக்காரர் 100 கிலோ என்றார்' என்ற பதில் அங்கே எடுபடாது.

ஆனால் ஏமாற்றி விற்றவரையும் விட வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் குறைபாடுள்ள பொருளால் ஏற்படும் தீங்குக்குத் தயாரித்தவரும் விற்றவரும் பொறுப்பு என்று தனி அத்தியாயமே இருக்கிறது. 'வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை' என்று சொல்லி மிரட்டுவார்கள், மிரள வேண்டாம். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கியவரையும் அந்தச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. புகார் கொடுக்கப் பில் வேண்டும். அட்டைப்பெட்டியில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, மாதம், வருஷம் அச்சடித்திருக்க வேண்டும். அது எதுவும் இல்லாமல் 'ஹெவி டியூட்டி' என்று மட்டும் எழுதியிருக்கும் பெட்டியை, பில் தர மறுக்கும் கடையில் வாங்கினால் நாளை புகார் கொடுக்கவும் ஆள் இருக்காது.

முகூர்த்த மாதம் நெருங்குகிறது என்றால், அடுத்த நிகழ்ச்சிக்கு வண்டியில் ஏற்றுவதற்கு முன் உங்களிடம் இருக்கும் எல்லா ஸ்டாண்டுகளையும் வாசலில் நிறுத்துங்கள். டேப்பில் அளந்து, 3.46ஆல் வகுத்து, கணக்கைப் போட்டுப் பாருங்கள். பின் இல்லாததையும், காலர் வெடித்ததையும், கால் விரியாததையும் அன்றே ஒதுக்குங்கள். மிச்சமிருப்பதற்கு ஸ்டாண்டுக்கொரு மணல் மூட்டை தைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூட்டைக்குச் சில பத்து ரூபாய்தான் ஆகும். அந்தச் செலவைக் கணக்குப் பார்க்கிறவர் பாக்ஸைத் தரையிலேயே வைத்துப் பாட்டுப் போடட்டும்.